சிறுநீர் எடுத்த பிறகு

கல்லடைப்பு என்று ஒருவர் முனகினால் போதும், வாழைத்தண்டுச் சாறு குடியுங்கள் என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும் ஊர் திருச்சி. காவிரிக் கரையில் வாழைக்குப் பஞ்சமில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993இல் இங்கேதான் தொடங்கியது. தண்டு கிடைக்காவிட்டால் நெருஞ்சில் கஷாயம். அதுவும் இல்லாவிட்டால் போகியன்று வாசலில் செருகும் சிறுபீளை. காப்புக் கட்டியது போக மிச்சத்தைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் உண்டு. இவை நீரைப் பிரிக்கும், கல்லைக் கரைக்கும் என்பது பாட்டி வைத்தியம். பாட்டி சொன்னதை ஆய்வுக்கூடம் ஏற்க வேண்டுமானால், அந்தக் கஷாயத்தை அங்கே முதலில் குடிப்பது வெள்ளை எலி.

சென்னைத் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையில் இந்த வேலை பல ஆண்டுகள் நடந்தது. கல்லாகப் படியும் ஆக்சலேட் மிகுந்த எலிகளுக்கு மாவிலங்கப் பட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள், வாழைத்தண்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாழைத்தண்டுக் கட்டுரை 1992இல் வந்தது. 2006இல் சிறுபீளை பற்றிய ஆய்வு ஒன்று ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி’ இதழில் வெளியானது. அதில் எலிகளுக்குக் கல் உண்டாக்கிய முறை இன்று பல ஆய்வுகளில் பின்பற்றப்படுவதுதான்: குடிநீரில் 0.75 விழுக்காடு எத்திலீன் கிளைக்கால் கலந்து 28 நாள் கொடுப்பது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்ட்டில் இருக்கும் அதே பொருள். ஈரலுக்குப் போய் ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. கஷாயம் அதைக் கரைத்ததா என்று அறிய எலியின் சிறுநீரை அளந்தாக வேண்டும்.

திருச்சி கே.கே. நகர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. பெரியார் மருந்தியல் கல்லூரி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகம் கூப்பிடு தூரம். மருந்தியலும் உயிரியலும் படிக்கும் பிள்ளைகள் இங்கே மாடி அறைகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எம்.ஃபார்ம். மாணவர்கள் எடுக்கும் புராஜெக்ட்டுகளில் நீர்ப்பெருக்கி, கல்லடைப்பு, நீரிழிவு மூன்றும் அடிக்கடி வருபவை. மூன்றுக்கும் எலியின் சிறுநீர் வேண்டும். அதை எப்படி எடுக்கிறார்கள், எடுத்த பிறகு எலியின் தோலுக்கு என்ன ஆகிறது என்பதே இன்றைய பேச்சு. முகம் சுளிக்கவைக்கும் தலைப்புதான். ஆனால் நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல எலிக் கூண்டைத் தாண்டி வந்தவை என்பதால், ஒரு மணி நேரம் பொறுத்துக் கேட்கலாம்.

முதலில் அளவு. வளர்ந்த எலி ஒரு நாளில் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்கும்; இருமல் மருந்து மூடியில் ஒன்றரை மூடி. சுண்டெலிக்கு நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒன்றிரண்டு மில்லிதான். இந்தச் சொட்டுகள் கூண்டில் பரப்பிய உமியில் விழுந்தால் போயிற்று. எனவே சிறுநீர் எடுப்பது என்றால் பெரும்பாலும் எலியைக் கையில் பிடித்து அழுத்தியோ, ஊசி போட்டோ, வழக்கமான கூண்டிலிருந்து வேறொரு கூண்டுக்கு மாற்றியோதான் எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றிலும் தோலுக்கு அதனதன் கேடு உண்டு.

கையில் பிடிப்பதிலிருந்து தொடங்கலாம். நீர்ப்பெருக்கி மருந்துகளைச் சோதிக்க லிப்ஷிட்ஸும் உடனாய்வாளர்களும் 1943இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். எண்பது ஆண்டு கடந்தும் நம் மருந்தியல் ஆய்வகங்களில் அதுதான் நடப்பில் இருக்கிறது. எலியைப் பட்டினி போட்டு, உப்பு நீர் புகட்டி, மருந்து கொடுத்து, ஐந்து மணி நேரம் சிறுநீரைச் சேகரிப்பார்கள். தொடங்குவதற்கு முன் சிறுநீர்ப்பையில் தேங்கியிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு அடிவயிற்றை மெல்ல அமுக்கி, வாலை இழுத்துவிடுவது என்று செய்முறைக் குறிப்புகளில் எழுதியிருக்கும். ‘மெல்ல’ என்பதற்கு அளவு எதுவும் எழுதியிருக்காது.

எலியின் வால் பார்ப்பதற்குக் கயிறு போலத் திடமாகத் தெரியும். உண்மையில் வாலின் தோல் ஓர் உறைதான். நுனியைப் பிடித்துத் தூக்கினாலோ, எலி துள்ளும் நேரத்தில் இழுத்தாலோ அந்த உறை கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே சிவந்த தசையும் எலும்பும் வெளியே தெரியும். ஜெர்பில், டெகு போன்ற கொறிவிலங்குகளில் இது மிக எளிதில் நடக்கும். காட்டில் பாம்பிடமும் ஆந்தையிடமும் சிக்கினால் வாலைக் கொடுத்து உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. விஸ்டார் எனும் ஆய்வக வெள்ளை எலியில் அவ்வளவு எளிதில் நடக்காது, ஆனாலும் நடக்கும். உரிந்த தோல் திரும்ப ஒட்டாது. வெளித்தெரியும் பகுதி காய்ந்து விழும், இல்லாவிட்டால் கால்நடை மருத்துவர் வாலை வெட்ட வேண்டியிருக்கும். வாலைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் அடிவாலைப் பிடிக்க வேண்டும், உடலை மறு உள்ளங்கையால் தாங்க வேண்டும். முதல் வாரத்திலேயே மாணவருக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

ஊசி முறை தூய்மையானது. வயிற்றுத் தோல் வழியாகச் சிறுநீர்ப்பையில் நேரே குத்தி உறிஞ்சினால் கிருமியோ உமித்தூசோ கலக்காது. ஆனால் குத்துவதற்கு முன் மயிரை மழிப்பார்கள். சூடேறிய கிளிப்பர் படும் இடத்தில் சிவந்த கோடு விழும். மயிர்நீக்கிக் களிம்பை ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் தோல் வெந்துபோகும். வயிறு முழுக்க ஸ்பிரிட்டைத் தடவினால் அந்தச் சின்ன உடல் சில்லிட்டுவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும், சிறுநீர் கசியும். எலி அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். நக்குகிறதே என்று களிம்பு பூசினால் களிம்பும் வயிற்றுக்குள் போகும். மருந்துச் சோதனையில் இருக்கும் எலியின் வயிற்றுக்குள் இன்னொரு மருந்து போவதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

இனி பெரிய விஷயத்துக்கு வருவோம்: மெட்டபாலிக் கூண்டு. இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர் வேண்டும் என்றால் உலகமெங்கும் இதைத்தான் நாடுகிறார்கள். அடியில் கம்பி வலை, அதன்கீழ் புனல், புனலுக்குக் கீழே சிறுநீர் ஒரு குழாயிலும் புழுக்கை இன்னொன்றிலும் போய் விழும் ஏற்பாடு. மிக அழகான பொறியியல். உள்ளே இருக்கும் எலிக்கு மட்டும்தான் அழகில்லை. கூட்டமாக வாழும் பிராணி தனியாக அடைபடுகிறது. குடைய உமியில்லை, பதுங்க மூலையில்லை, இரவும் பகலும் கம்பிமேல் நிற்க வேண்டும்.

கம்பித் தரையை எலி எவ்வளவு வெறுக்கிறது என்பதை இங்கிலாந்தில் மான்சர், ப்ரூம் முதலியோர் அளந்து பார்த்தார்கள். 1996இல் வந்த அந்த ஆய்வில், சமதரையுள்ள அறைக்குப் போக வேண்டுமானால் எலி ஒரு தடுப்பைத் தூக்க வேண்டும். தடுப்பின் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். படுத்துறங்கச் சமதரை கிடைக்கும் என்றால், எலிகள் கனத்த சுமையையும் தூக்கின. கருத்துக் கேட்க முடியாத பிராணியிடம் கருத்துக் கேட்ட சோதனை என்று இதைச் சொல்லலாம். பதில் ஐயத்துக்கிடமின்றி வந்தது.

அந்தக் கம்பி காலில் என்ன செய்கிறது? எலியின் உள்ளங்காலில் மயிர் கிடையாது. உடல் எடை முழுவதும் சில மெல்லிய கம்பிகள்மேல் இறங்குகிறது. முதலில் பின்னங்காலின் குதிப்பக்கம் சிவந்து பளபளக்கும். அடுத்து தோல் தடித்துக் காய்ப்பேறும். காய்ப்பு வெடித்த இடத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி நுழையும். பாதம் வீங்கி, சீழ் கோத்து, எலி அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒரே ஒரு நாள் கூண்டில் வைத்ததால் இது வந்துவிடாது. அப்படிச் சொன்னால் மிகை. கனத்த ஆண் எலி, வயதான எலி, வாரந்தோறும் கூண்டுக்குப் போய்வரும் எலி, மாதக்கணக்காகக் கம்பித் தரையிலேயே வளர்க்கப்படும் எலி ஆகியவற்றுக்குத்தான் வரும். எலியை மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது என்பதுதான் சிக்கல்.

கினிப் பன்றியில் இந்தக் கதை இன்னும் ஆழத்துக்குப் போனது. லண்டனில் ஃபுல்லர்டன், கில்லியட் என்ற இரு நரம்பியலாளர்கள் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்பி வலைத் தரையில் வளர்ந்த கினிப் பன்றிகளின் பின்னங்கால் நரம்புகளில், பாதத்தின் அழுத்தத்தாலேயே உறை சிதைந்திருந்தது. வெளியே காய்ப்பு, உள்ளே நரம்புக் கேடு. மருந்தால் நரம்பு கெடுகிறதா என்று அதே விலங்கில் சோதிக்கும் ஒருவர் என்ன முடிவுக்கு வருவார் என்று நினைத்துப் பாருங்கள். கூண்டு செய்த காரியத்தை மருந்தின் தலையில் கட்டியிருப்பார். கினிப் பன்றிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: நம்மைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. கீரையும் பசும்புல்லும் தவறினால் புண் ஆறாது.

கால் இப்படியென்றால், பின்புறத் தோலில் வேறு கூத்து. சிறுநீர் பட்டு வேகும் புண் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, சிறுநீரே அமிலம் போலச் சுட்டுவிடுகிறது என்று. அப்போது கழித்த சிறுநீர் அவ்வளவு பொல்லாதது இல்லை. நேரம்தான் அதைப் பொல்லாததாக்குகிறது. மயிரில் ஊறிய சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்கும். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத் தன்மையுள்ளது. அம்மோனியா அதைக் காரமாக்கிவிடும். ஏற்கெனவே ஈரத்தில் ஊறி நெகிழ்ந்த தோல், புழுக்கையின் நொதிகளுக்கு வழிவிடும். ஈரத்துணி மாற்றாமல் கிடந்த கைக்குழந்தையின் தொடையிடுக்கில் வரும் சிவப்பும் இதே வேதியியல்தான். குழந்தை அழும், தாய் ஓடிவருவாள். எலி அழாது. வால் அடியிலும் தொடையின் உட்புறத்திலும் மயிர் ஈரமாக ஒட்டிக் கிடக்கும். அடுத்த நாள் மஞ்சளாகக் கறைபடும். பிறகு மயிர் கொட்டி, சிவந்து, கசியும்.

இதில் முதலில் அடிபடுவது நீரிழிவு எலிகள். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைச் செலுத்திக் கணையத்தின் பீட்டா செல்களைச் சிதைத்து எலிக்குச் சர்க்கரை நோய் வரவைப்பது தமிழ்நாட்டு ஆய்வகங்களில் சாதாரணம். ஆவாரம்பூ, நாவற்கொட்டை, சிறுகுறிஞ்சான் என்று நம்மூர் மூலிகைகள் எத்தனையோ இந்த எலிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கரை வந்த எலி தண்ணீராய்க் குடித்துத் தீர்க்கும். 10, 15 மில்லி கழித்த எலி ஒரே நாளில் 100 மில்லியைத் தாண்டும். அதுவும் சர்க்கரைச் சிறுநீர், கிருமிக்கு விருந்து. காலையில் போட்ட உமி மாலையில் சேறாகியிருக்கும். நீரிழிவுக்காரருக்குப் புண் ஆறாது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களின் காலிலேயே பார்த்திருக்கிறோம், எலிக்கும் ஆறாது. மற்ற எலிகளுக்கு வாரம் இருமுறை உமி மாற்றும் அதே அட்டவணையை இவற்றுக்கும் வைப்பது சரியே இல்லை. தினமும் மாற்ற வேண்டும்.

உமி என்றதும் ஒரு சொல். வெளிநாட்டு நூல்களில் ஆஸ்பென் மரச்சீவல், சோளக்கதிர்த் தூள் என்றெல்லாம் இருக்கும். காவிரி டெல்டாவில் கிடைப்பது நெல் உமி. மலிவு, ஏராளம், நீராவியில் கிருமி நீக்கினால் குறையொன்றுமில்லை. ஆனால் உமியின் முனை கூர்மை, தூசும் அதிகம். முழுத்தோலுள்ள எலிக்கு அதனால் தொல்லையில்லை. சிறுநீரில் வெந்த தோலோடு மெட்டபாலிக் கூண்டிலிருந்து திரும்பும் எலியைப் புது உமியில் இறக்கிவிட்டால் எரிச்சலுக்குமேல் எரிச்சல். இரண்டு நாளைக்குப் பழைய வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் போதும், செலவேயில்லை.

திருச்சி வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் குழுவின் வழிகாட்டி, விலங்கறையின் வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள்ளும், காற்றின் ஈரப்பதம் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. மணிக்கு 12 முதல் 15 முறை அறைக்காற்று முழுவதும் மாற வேண்டும் என்றும் சொல்கிறது. சித்திரையில் வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது ஏ.சி. நின்றால், காற்று மாறுவதும் நின்று, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஏ.சி. ஓயாமல் ஓடினாலும் தொல்லை உண்டு: ஈரமில்லாத காற்றில் குட்டி எலிகளின் வாலில் மோதிரம் மோதிரமாக இறுக்கம் விழுந்து, கடைசியில் வால் அழுகும். 1957லேயே நார்வேக்காரர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

புதிதாக வரும் மாணவர்களை அலறவைக்கும் ஒரு காட்சியும் உண்டு. சிறுநீர் எடுத்துத் திருப்பிவிட்ட எலியின் மூக்கு நுனியிலும் கண்ணைச் சுற்றியும் சிவப்பாக வழிந்து காய்ந்திருக்கும். ரத்தம் என்று பதறி ஆசிரியரிடம் ஓடுவார்கள். அது ரத்தமில்லை. எலியின் கண்ணுக்குப் பின்னாலிருக்கும் ஹார்டீரியன் சுரப்பி கக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி. புற ஊதா விளக்கில் காட்டினால் இளஞ்சிவப்பாக ஒளிரும். நல்ல நிலையிலிருக்கும் எலி முகத்தைக் கழுவிக் கழுவி அதைத் துடைத்துவிடும். துடைக்காமல் கிடக்கிறது என்றால் எலி பயத்திலோ வலியிலோ நோயிலோ இருக்கிறது. காயமில்லை என்று ஆறுதல்படலாம். ஒன்றுமில்லை என்று தள்ளிவிடக் கூடாது.

இந்த மெட்டபாலிக் கூண்டுக்குச் சுண்டெலிகள் பழகிவிடும், முதல் நாள்தான் கஷ்டம் என்று நீண்ட நாள் நம்பினார்கள். டென்மார்க்கில் காலியோகோஸ்கி குழுவினர் 2013இல் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். பழகவில்லை. மன அழுத்த ஹார்மோனின் தடயங்கள் மிகுந்தே இருந்தன. இருபத்தைந்து கிராம் உடலுக்குக் கூடு கட்டப் பஞ்சும் இல்லை, ஒட்டிப் படுக்க இன்னொரு சுண்டெலியும் இல்லை என்றால், உண்பதெல்லாம் சூடு காக்கவே போய்விடும்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதில் நம்மூர்த் தொடர்பும் இருக்கிறது. தரமணியில் அதே மருத்துவ உயிர்வேதியியல் துறையில், எலிகளில் ஆக்சலேட் கல் உண்டாகும் விதத்தைப் பற்றி ஆர். செல்வமும் பிஜி டி. குரியனும் 1987இல் ‘ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்’ இதழில் எழுதினார்கள். குரியன் பின்னர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவுக்குப் போனார். 1999இல் ஸ்கோஃபீல்டு என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருள், சமையலறையில் மீந்த குழம்பை மூடிவைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். சுண்டெலியை அந்தத் தாளின்மேல் விடுங்கள். அது தானாகச் சிறுநீர் கழிக்கும். தாளில் ஒட்டாமல் முத்தாக நிற்கும் சொட்டைப் பிப்பெட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். எலி கூண்டுக்குத் திரும்பலாம். கம்பியில்லை, ஊசியில்லை, அமுக்கலில்லை. ஐந்தாண்டு கழித்து, 2004இல், சோதனை விலங்குகளிடம் சிறுநீர் எடுக்கும் முறைகள் அனைத்தையும் தொகுத்து இரு உடனாய்வாளர்களோடு ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார். எலிக்கூண்டோடு வேலை செய்பவர் மேசையில் இருக்கவேண்டிய கட்டுரை.

பிளாஸ்டிக் தாளால் நாள் முழுவதும் சேகரிக்க முடியாது. சில சொட்டுத்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் இப்போது நீர் ஒட்டா மணல் வந்திருக்கிறது. பார்வைக்குக் காவிரி மணல் போல இருக்கும், ஒவ்வொரு துகளுக்கும் நீரைத் தள்ளும் பூச்சு. சிறுநீர் உள்ளே இறங்காமல் மேலே உருண்டு நிற்கும். எலி சமதரையில் நிற்கிறது, கால் வைத்து அளைகிறது, விளையாடக்கூடச் செய்கிறது. சில மணி நேரச் சேகரிப்புக்கு இது போதும். மெட்டபாலிக் கூண்டோடு இதை எலிகளில் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2018இல் வந்தது. எனினும் முழு 24 மணி நேர அளவு, உண்டதும் குடித்ததும் கழித்ததும் கணக்குத் தீர வேண்டும் என்றால் மெட்டபாலிக் கூண்டைத் தவிர்க்க முடிவதில்லை. தவிர்க்க முடியாத இடத்தில் நேரத்தைக் குறைக்கலாம். வலையின் ஒரு மூலையில் படுக்க ஒரு சிறு தகடு வைக்கலாம். இரண்டு முறைக்கு நடுவே கால் தேறச் சில நாள் விடலாம்.

கூண்டிலிருந்து திரும்பிய பிறகும் ஆபத்து ஓயவில்லை. தனியே ஒரு நாள் இருந்துவிட்டு வந்த ஆண் சுண்டெலியைப் பழைய கூட்டத்தில் விட்டால், யார் பெரியவன் என்ற சண்டை புதிதாகத் தொடங்கும். முதுகிலும் வாலடியிலும் கடி. மறுநாள் பார்ப்பவர் சிறுநீர்ப் புண் என்று எழுதிவிடுவார். புண் இருக்கும் இடத்தைக் கவனித்தால் வேறுபாடு தெரியும்: கடி பெரும்பாலும் முதுகிலும் வாலிலும், வெந்த புண் வயிற்றடியிலும் தொடையிடுக்கிலும், அழுத்தப் புண் உள்ளங்காலில். கழுத்துக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து வரும் ஆழமான புண் என்றால், சி57 பிளாக் 6 என்ற கறுப்புச் சுண்டெலி இனத்துக்கே வாய்த்த தோல்நோயாக இருக்கலாம். அதற்கும் சிறுநீருக்கும் சம்பந்தமில்லை. ஸ்டான்ஃபோர்டில் அந்த நோய்க்குக் கண்ட நல்ல மருந்துகளுள் ஒன்று, பின்னங்கால் நகத்தை வெட்டிவிடுவது.

வெந்த தோலுக்கு என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உலர்த்தி, சூடான இடத்தில் விடுவது முதல் வேலை. வீட்டு நினைப்பில் கிருமிநாசினியை ஊற்றக் கூடாது. எலி அதை நக்கியே தீரும். சீழ் கட்டிய பாதமும் உரிந்த வாலும் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியவை. அந்த எலியை ஆய்வில் தொடர்வதா, விலக்குவதா என்பதையும் அவரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

இவ்வளவும் இரக்கத்தின் பாற்பட்டது என்று யாராவது நினைத்தால், கணக்கின் பாற்பட்டதும்கூட என்று சொல்ல வேண்டும். கால் வலிக்கும் எலி தண்ணீர்க் குழாய்க்கு எழுந்து போகாது. குடிக்காத எலியின் சிறுநீர் குறையும். நீர்ப்பெருக்கி மூலிகை வேலை செய்யவில்லை என்று முடிவு எழுதப்படும். வெந்த தோலிலிருந்து கசியும் நிணமும் ரத்தமும் புனலில் கலந்தால் சிறுநீரில் புரதம் என்று கருவி காட்டும். சிறுநீரகம் கெட்டுவிட்டதாக ஒருவர் பட்டமே வாங்கிவிடலாம். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் விலங்குச் சோதனையில் மாற்று, குறைப்பு, மென்மையாக்கம் என்று மூன்று நெறிகளை வகுத்தபோது, மூன்றாவது நெறி நல்ல அறிவியலுக்கும் தேவை என்றுதான் வாதாடினார்கள்.

தோல் என்றால் எலியின் தோல் மட்டும்தானா? கூண்டு கழுவும் உதவியாளரின் முன்கையையும் பார்க்க வேண்டும். ஆண் எலி, ஆண் சுண்டெலி ஆகியவற்றின் சிறுநீரில் புரதம் இயல்பாகவே நிறைய உண்டு. அது காய்ந்து தூசாகிக் காற்றில் மிதக்கும். ஒவ்வாமை உள்ளவருக்கு எலி நடந்த இடமெல்லாம் தடிப்பு எழும், மூக்கு ஒழுகும், சிலருக்கு ஆஸ்துமா வரைக்கும் போகும். மாணவர் கையுறை போட்டுக்கொள்வார், முகக்கவசம் அணிவார். தினமும் உமி கொட்டும் உதவியாளருக்கு அவை கிடைக்கின்றனவா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விலங்குகள் படும் பாட்டைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. மிருகவதைத் தடுப்புக்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் குழு அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். 1998இல் விதிகள் வந்தன. விலங்குகளில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் எதிக்ஸ் கமிட்டி ஒன்று இருக்க வேண்டும். அதன் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. அந்தக் கமிட்டியில் அறிவியலாளர்களும் கால்நடை மருத்துவரும் மட்டும் உட்காருவதில்லை. அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் அங்கே ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்த இருக்கைக்கு வருபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்கலாம், வங்கியிலிருந்து வந்தவராக இருக்கலாம். கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசும் பெரிய பெரிய சொற்களைக் கேட்டுவிட்டு, நமக்கென்ன தெரியும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பும் ஆபத்து அவருக்கு உண்டு. கே.கே. நகரில் அந்தத் தகுதியுள்ளவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நாளைக்கு உங்களை அழைத்தால் மறுக்காமல் போங்கள். போனால் நாலு கேள்வி கேளுங்கள்: எலி எத்தனை மணி நேரம் கம்பிமேல் நிற்கும்? வெளியே எடுத்ததும் உள்ளங்காலையும் வாலடியையும் பார்த்து எழுதிவைப்பவர் யார்? பிளாஸ்டிக் தாளோ மணலோ போதாது என்பதற்கு என்ன காரணம்? கூண்டு கழுவுபவருக்குக் கையுறை உண்டா? பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால், விலங்கறையை நேரில் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நேரில் பார்க்கக் கேட்பது உங்கள் பொறுப்பிலேயே சேர்ந்ததுதான்.